மஞ்சள் ஜெயித்தால் போகலாம்

எங்கள் வீட்டுக்குள் ஐரோப்பியக் கூடைப்பந்து நுழைந்ததற்குக் காரணம் நான்தான் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அது சுத்தப் பொய். காரணம் ரிமோட். எங்கள் ரிமோட்டில் சானலை மேலே ஏற்றும் பொத்தான் செத்துப்போயிருந்தது, கீழே இறக்கும் பொத்தான் மட்டும்தான் உயிரோடு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் செய்தி பார்ப்பதற்காகக் கீழே இறங்கிக்கொண்டே போன அப்பா, நெட்டையாக ஒருவன் தாவி இரும்பு வளையத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இவன் என்ன மக்களே, பரண்ல இருந்து மூடை எடுக்கானா?" என்று என்னிடம் கேட்டார். மகள் என்னை அவர் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவார்.

நான் அப்போது கல்லூரியில் கடைசி வருடம். எட்டாம் வகுப்பிலிருந்து கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தேன், பல்கலைக்கழக டீமிலும் இருந்தேன். நான் வாங்கிய கோப்பைகளில் ஒன்றைத்தான் அம்மா ஊறுகாய்ப் பரணி சாயாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள். அப்பா என் ஆட்டத்தை ஒரு நாள்கூட வந்து பார்த்ததில்லை. ஆட்டம் நடக்கிற நேரம் கடை நேரம். திருவனந்தபுரத்துச் 'சாலை' பஜாரில் மொத்தக் கடை வைத்திருந்தவருக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. அப்படிப்பட்ட மனிதர் அன்று கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அடுத்த ஞாயித்துக்கிழமையும் உண்டா?" என்று கேட்டார். எனக்குச் சந்தோஷமும் வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. சொந்த மகள் ஆடியபோது வராத அக்கறை, யாரோ ஒரு நெட்டையன் தொங்கியதும் வந்துவிட்டதே.

அது அக்டோபர் மாதம். ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் தங்களுக்குள் ஆடும் போட்டி அப்போதுதான் தொடங்கியிருந்தது. மே மாதம் வரை அது நீளும். இரண்டு கிளப்புகள் மோதினால் ஒரு தடவை இவன் ஊரில், ஒரு தடவை அவன் ஊரில் ஆட வேண்டும். கடைசியில் மிஞ்சும் நான்கு கிளப்புகள் ஒரே ஊரில் கூடி, ஒரே வாரக் கடைசியில் கோப்பை யாருக்கு என்று தீர்த்துக்கொள்ளும். அது எந்த வருடம், எந்த கிளப் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து என் நினைவைத் திருத்துவதற்கென்றே நாலு பேர் கிளம்பி வருவார்கள். செல்போன் எங்கள் தெருவில் ஒன்றிரண்டு பேர் கையில் மட்டும் இருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

கிளப்புகளின் பெயர்கள் அப்பாவின் வாயில் நுழையவில்லை. அவர் கடையில் விற்றது மஞ்சள், வத்தல் மிளகாய், மல்லி, ஏலக்காய். அதனால் சட்டை நிறத்தைப் பார்த்து அவரே பெயர் வைத்துவிட்டார். மஞ்சள் சட்டைக்காரர்கள் 'மஞ்சள்', சிவப்புச் சட்டைக்காரர்கள் 'வத்தல்', பச்சை 'ஏலம்'. கடையில் வெள்ளையாக எதுவும் இல்லாததால் வெள்ளைச் சட்டைக்காரர்கள் 'உப்பு' ஆனார்கள். நீலத்துக்கு அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடுக்களையிலிருந்து அம்மாதான் 'சொட்டுநீலம்' என்று குரல் கொடுத்தாள். ஐரோப்பாவின் பெருமை வாய்ந்த ஒரு கிளப் எங்கள் வீட்டில் ஏழு மாதம் அந்தப் பெயரோடு ஆடியது.

அப்பா மஞ்சள் கட்சி. முதல் நாள் வளையத்தில் தொங்கியவன் மஞ்சள் சட்டைக்காரன் என்பது ஒரு காரணம். வத்தல் அவருக்கு ஆகவே ஆகாது. அந்த வருடம் வத்தல் ஈரத்தோடு வந்து இறங்கி, பூஞ்சை பிடித்து அவரைப் படாத பாடு படுத்தியிருந்தது. அந்தக் கோபத்தையெல்லாம் ஒரு பாவமும் அறியாத சிவப்புச் சட்டைக்காரர்கள் மேல் காட்டினார். அவர்கள் தோற்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு தோசை கூடுதலாக உள்ளே போகும்.

ஆட்டம் ஐரோப்பாவில் நடந்து முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் எங்கள் டிவிக்கு வரும். அப்பாவுக்கு அது தெரியும், ஆனால் அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.

"சாமி கோயில்ல இருந்து எப்ப கெளம்பினா என்ன? நம்ம வாசல்ல எழுந்தருளும்போதுதானே நாம கும்பிடுகோம்" என்பார். ஆனால் ஒரு சட்டம் போட்டார். முடிவு தெரிந்தவர்கள் வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது. இந்தச் சட்டம் முழுக்க முழுக்க அண்ணனுக்காகப் போடப்பட்டது. அவன் கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தான், நாள் முழுக்க இன்டர்நெட் முன்னால் உட்கார்ந்திருப்பான், ஆட்டம் முடிந்த மறுநாளே அவனுக்கு எல்லாம் தெரிந்துவிடும். வாயை அடக்கிக்கொள்வான், முகத்தை அடக்கத் தெரியாது. மஞ்சள் தோற்கப் போகிறது என்றால் காலையிலேயே துக்க வீட்டுக்குப் போகிறவன் மாதிரி வந்து நிற்பான். அதனால் ஆட்டம் முடிகிற வரைக்கும் அவன் பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பது சட்டத்தின் இரண்டாம் பகுதி.

அம்மாவுக்கு ஆட்டத்தில் ஈடுபாடு இல்லை, ஆடுகிறவர்கள் மேல்தான் கவலை. "இத்தனை உயரத்துக்கு வாசப்படி எங்க காணும், குனிஞ்சு குனிஞ்சே முதுகு போயிரும்லா" என்பாள். ஆனால் அப்பா ஆசைப்படுகிறாரே என்று, ஞாயிறு காலையில் கோட்டைப் பக்கத்துப் பிள்ளையார் கோவிலுக்குப் போய் மஞ்சளுக்காக ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வருவாள். அந்தக் கோவிலில் தேங்காய் உடைக்காமல் திருவனந்தபுரத்தில் யாரும் ஒரு காரியமும் தொடங்க மாட்டார்கள். பரீட்சைக்கு உடைப்பார்கள், கல்யாணத்துக்கு உடைப்பார்கள், புது ஸ்கூட்டருக்கு உடைப்பார்கள். நடந்து முடிந்த ஆட்டத்துக்கு உடைத்தது எனக்குத் தெரிந்து என் அம்மா மட்டும்தான்.

"அம்மே, அது போன வாரமே ஆடி முடிஞ்ச களி. இன்னைக்கு உடைச்சா பிள்ளையார் என்ன செய்வாரு?" என்று அண்ணன் ஒரு நாள் கேட்டான்.

"நான் இன்னைக்கு உடைப்பேன்னு பிள்ளையாருக்குப் போன வாரமே தெரியும்லா" என்றாள் அம்மா. இந்தப் பதிலில் ஓட்டை கண்டுபிடிக்க நான் இத்தனை வருடமாக முயற்சி செய்கிறேன், முடியவில்லை.

டிசம்பர் வந்தபோது அப்பாவுக்கு ஆட்டம் பிடிபட்டுவிட்டது. அதையும் வியாபாரி கண்ணோடுதான் பார்த்தார். குறிப்பிட்ட நொடிக்குள் பந்தை எறிந்துவிட வேண்டும் என்ற விதியை நான் விளக்கியதும், "சரக்கைக் கையில வச்சுக்கிட்டு நிக்கக் கூடாது, அதானே" என்றார். சொந்த ஊரில் புலியாக இருக்கும் கிளப்புகள் வெளியூர் போனதும் பூனையாகிவிடுவதைப் பார்த்து, "சொந்தச் சந்தையில எல்லாவனும் கெட்டிக்காரன்தான். அசலூர்ச் சந்தையில போய் நின்னு விக்கணும், அவன்தான் யாவாரி" என்றார். மஞ்சளின் கோச் கோட்டும் டையுமாக நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்துவார், அவரைக் கண்டால் அப்பாவுக்குத் தன் தம்பி ஞாபகம் வரும். எங்கள் சித்தப்பாவுக்குச் சாலையில் அப்பா கடைக்கு எதிர்க் கடை. அங்கே அவர் இதே மாதிரிதான் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருப்பார்.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா திடீரென்று சொன்னார். "தொங்குகவன் சும்மா மக்களே. அந்தக் குட்டையன் இருக்கான் பாரு, அவன்தான் எல்லாவனையும் ஓட்டுகான். பந்தை யாருக்குக் குடுக்கணும், எப்பக் குடுக்கணும்னு அவனுக்குத்தான் தெரியும். அவன் இல்லேன்னா கடையைச் சாத்திக்கிட்டுப் போக வேண்டியதுதான்."

"அப்பா, நான் எங்க டீம்ல ஆடுறது அந்த இடத்துலதான்" என்றேன்.

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ கூடை போட்டார்கள், அரங்கம் கத்தியது. அவர் திரும்பவே இல்லை. "நீயா?" என்று மட்டும் கேட்டார். எட்டாம் வகுப்பிலிருந்து நான் வாங்கி வந்த எல்லாக் கோப்பையும் சேர்ந்து செய்யாத வேலையை அந்தக் குட்டையன் செய்துவிட்டான். அன்று எனக்கு உண்டான பெருமையை மறைக்க நான் அடுக்களைக்குப் போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இவ்வளவு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த சீசனில் ஏப்ரல் மாதம் எனக்கு வேலை கிடைத்துத் தொலைத்தது. கல்லூரி டீமோடு சென்னைக்குப் போயிருந்தபோது ஒரு மத்திய அரசு அலுவலகத்தின் தேர்வு ஆட்டத்தில் கலந்துகொண்டிருந்தேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் எடுத்துக்கொண்டார்கள். பகலில் அலுவலக வேலை, சாயந்திரம் அலுவலக டீமுக்கு ஆட்டம். தங்குவதற்குப் பெண்கள் விடுதி. மே மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்கிற அளவுக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. கல்லூரி முடிந்தால் பி.எட்., அதற்குள் நாகர்கோவிலிலிருந்து ஒரு மாப்பிள்ளை, பிறகு பந்தைத் தொடவே முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தெருவில் எனக்கு முன்னால் ஆடிய ஒரு அக்காவுக்கு அப்படித்தான் ஆயிற்று.

அப்பா மறுநாள் கடையில் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறார். சித்தப்பா ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரி, "பந்து எறியதுக்குச் சம்பளமா? பொண்ணை மெட்ராஸ்ல தனியா விட்டுட்டு நாம இங்க மல்லி விக்கணுமாக்கும். ஊர்ல என்ன சொல்லுவானுவ?" என்று கேட்டாராம். சாக்கு தூக்குகிறவர்கள்கூட நின்று கேட்டார்களாம். அப்பாவுக்கு ரோஷம் வந்து, "எம் பொண்ணு எங்கயும் போக மாட்டா" என்று அதே சத்தத்தில் சொல்லிவிட்டார். ரோட்டில் வைத்துச் சொன்ன சொல். அதை வீட்டுக்கு வந்து மாற்றிக்கொள்ள அவரால் முடியாது.

நான் விடவில்லை. மஞ்சளில் இரண்டு அமெரிக்கர்கள் ஆடினார்கள், ஒரு லிதுவேனியாக்காரன் ஆடினான். "இவங்க எல்லாரும் வீட்டை விட்டுட்டு வந்துதானே ஆடுறாங்க. ஏன், நம்ம தாத்தா பூதப்பாண்டியில இருந்து சாலைக்கு வரலையா?" என்று கேட்டேன்.

"அவரு மஞ்சள் விக்க வந்தாரு, பந்து எறிய வரல்ல" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டோம். திங்கள் முதல் சனி வரை பிணக்கு. ஞாயிறு சாயந்திரம் மட்டும் சமாதானம், அதுவும் ஆட்டத்தைப் பற்றி மட்டும். "அது ஃபவுல்தானே?" என்று அவர் சுவரைப் பார்த்துக் கேட்பார். "ஆமா, ஃபவுல்தான்" என்று நான் டிவியைப் பார்த்துச் சொல்லுவேன். மஞ்சள் ஒவ்வொரு சுற்றாகத் தாண்டி, மே மாதம் கடைசி நான்கு கிளப்புகளில் ஒன்றாக வந்து நின்றது. கோப்பைக்கான ஆட்டங்கள் ஐரோப்பாவில் வாரக் கடைசியில் நடந்தன. எங்கள் டிவிக்கு வர வழக்கம்போல ஒரு வாரம்.

இடையில் வந்த செவ்வாய்க்கிழமை, இரவுச் சாப்பாட்டின்போது அப்பா ரசத்தைக் கையில் வாங்கிக்கொண்டே சொன்னார். "ஒரு பந்தயம் வச்சுக்கலாம். மஞ்சள் கப்பை எடுத்தா நீ மெட்ராஸுக்குப் போ, நான் தடுக்க மாட்டேன். எடுக்கல்லேன்னா பேசாம இங்க பி.எட். படி, இனி அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. சம்மதமா?"

சாலைக் கடைக்காரர்களின் பந்தயம் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் எதற்கும் பந்தயம் வைப்பார்கள். தேர்தலுக்கு, மழைக்கு, தஞ்சாவூர் லாரி எப்போது வந்து சேரும் என்பதற்கு. மற்ற வாக்கையெல்லாம் கெஞ்சியோ கொஞ்சியோ மாற்றிவிடலாம். பந்தயத்தில் சொன்ன வாக்கை மட்டும் மாற்றக் கூடாது, அதில் அடுத்தவன் தலையிடவும் கூடாது. மே மாதம் முடிவதற்குள் பருவமழை வந்துவிடும் என்று சொல்லித் தோற்ற சித்தப்பா, ஆசை ஆசையாக வளர்த்த மீசையை எடுத்துவிட்டுச் சொந்த மகள் நிச்சயதார்த்தத்துக்கே மொழுமொழுவென்று வந்து நின்றார். யாரும் சிரிக்கவில்லை. அது மரியாதை.

நான் சம்மதம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? என் வாழ்க்கை, முன்பின் தெரியாத ஐந்து வெள்ளைக்காரர்கள் கையில், அதுவும் ஏற்கெனவே ஆடி முடித்துவிட்ட ஆட்டத்தில் கிடந்தது. மறுநாள் காலை அப்பா கடைக்குப் போய் சித்தப்பாவிடம் பந்தயத்தைச் சொல்லிச் சாட்சியும் ஆக்கிவிட்டார். சித்தப்பா, "அப்ப நான் வத்தல் கட்சி" என்றாராம்.

புதன்கிழமை சாயந்திரம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போன இடத்தில் அண்ணனைப் பிடித்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் ரகசியம் பேசுவதென்றால் நானும் அவனும் மலையாளத்துக்கு மாறிவிடுவோம். சாலை பஜார் பக்கம் பிறந்து வளர்ந்த அப்பாவும் அம்மாவும் எங்களைவிட நன்றாக மலையாளம் பேசுவார்கள் என்பது எங்களுக்கு ஏனோ அந்த நேரத்தில் ஞாபகம் வராது.

"ஜெயிச்சு. ஒரு பாயின்ட். நீ மிண்டாதே, கேட்டோ" என்றான் அண்ணன். பேசிவிடாதே என்கிறான். நான் கேட்டதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று நானும் அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

எனக்குக் கையில் இருந்த துணிகளையெல்லாம் கீழே ரோட்டில் வீச வேண்டும்போல இருந்தது. ஆனால் சிரிக்கக்கூட வழியில்லை. நான் சட்டத்தை மீறி முடிவைத் தெரிந்துகொண்டது அப்பாவுக்குத் தெரிந்தால், பந்தயமே செல்லாது என்று சொல்லிவிடுவார். மஞ்சள் ஜெயிப்பதை அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும், அதுவரைக்கும் நான் பயந்துகொண்டே இருக்க வேண்டும். பயந்தேன். நகம் கடித்தேன், சாப்பாட்டைப் பாதியில் வைத்தேன். "என்ன, பயமா இருக்கா?" என்று அப்பா கேட்டால், "பின்னே இல்லாம?" என்று முகத்தைத் தொங்கப் போட்டேன். கல்லூரி நாடகத்தில் எனக்கு வேஷம் கொடுக்க மாட்டேன் என்ற டீச்சரை அந்த வாரம் வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கலாம்.

சனிக்கிழமை காட்டிய அரையிறுதியில் மஞ்சள் சுலபமாக ஜெயித்தது. ஞாயிறு, இறுதி ஆட்டம். எதிரில் வத்தல். அம்மா வாழைக்காய் பஜ்ஜி போட்டுத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் பேப்பரை விரித்துக்கொண்டான். அப்பா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். தொடக்கத்திலிருந்தே மஞ்சளுக்கு ஒன்றும் சரிப்படவில்லை. எறிந்த பந்தெல்லாம் வளையத்தில் பட்டு வெளியே வந்தது. "எளவு, கண்ணைத் திறந்துக்கிட்டு எறியப்பிடாதா" என்று அப்பா தலையில் கை வைத்தார். நான் கும்பிட்ட கையை எடுக்கவில்லை. முடிவு தெரிந்திருந்தும் ஒரு கட்டத்தில் எனக்கே நிஜமாகப் பயம் வந்துவிட்டது. அண்ணன் கணக்குத் தப்பாகச் சொல்லியிருப்பானோ என்று அவன் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி இரண்டு நிமிடம் பாக்கி, மஞ்சள் ஆறு பாயின்ட் பின்னால். அப்போது வெளியே இடி இடித்தது.

மே மாதத்துக் கோடை மழை எங்கள் ஊரில் மின்னலோடுதான் வரும். முந்தின வருடம் ஒரு மின்னலில் எங்கள் பழைய டிவி கருகிப்போனதிலிருந்து, முதல் இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்குவது அம்மாவின் வழக்கம். அன்றும் அடுக்களையிலிருந்து வந்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்து, பிளக்கைப் பிடுங்கி, கேபிள் ஒயரையும் உருவிவிட்டு, "பஜ்ஜி ஆறுது, தின்னுங்கோ" என்றாள். நான் பாய்ந்து போய்த் திரும்பச் செருகுவதற்குள் தெருவுக்கே கரண்ட் போய்விட்டது.

இருட்டில் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். அந்த ஆட்டத்தை மறுபடி காட்டும் வழக்கம் அந்த சானலுக்கு இல்லை. எங்கள் ஊர்ப் பேப்பரில் ஐரோப்பியக் கூடைப்பந்து முடிவெல்லாம் வராது. நானும் சொல்ல முடியாது, அண்ணனும் சொல்ல முடியாது. யாரும் பார்க்காத ஆட்டத்துக்கு வைத்த பந்தயம் என்ன ஆகும்? பந்தயம் இல்லை என்றால் பழைய வாக்குத்தான், ரோட்டில் சொன்ன வாக்கு. அந்த வாரமே நான் ரயில் ஏறியாக வேண்டும். நாலு நாளாகப் பொய்யாகப் பட்ட பயமெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நிஜமாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி டிவி மேல் வைத்தாள்.

எது ஆனாலும் ஆகட்டும் என்று, "அப்பா, நான் ஒண்ணு சொல்லணும்" என்றேன். அண்ணன் இருட்டில் என் காலை மிதித்தான்.

"நீ ஒண்ணும் சொல்லண்டாம்" என்றார் அப்பா. பிறகு ஒரு பஜ்ஜியை எடுத்துக் கடித்துக்கொண்டு நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். "கோச்சு எல்லாவனையும் கூப்பிட்டு நல்லா ஏசிப் போட்டான். உடனே அந்த லிதுவேனியாக்காரன் தூரத்துல இருந்து ஒண்ணு எறிஞ்சான், மூணு பாயின்ட். பொறவு வத்தலுக்காரன் ரெண்டு ஃப்ரீ த்ரோவையும் வெளியில விட்டான், ஈரச் சரக்குலா. இவனுவ ஒரு ரெண்டு போட்டானுவ. இப்ப ஒரே ஒரு பாயின்ட்தான் பாக்கி, கேட்டியா. கடைசியில குட்டையன் பந்தைத் தட்டிப் பறிச்சுக்கிட்டு ஓடினான். தொங்குகவன் 'எனக்குத் தா, எனக்குத் தா'ன்னு கையை நீட்டுகான். குட்டையன் அவனுக்குக் குடுக்க மாதிரி காட்டிட்டு அவனே போட்டுட்டான். பெல் அடிச்சாச்சு."

நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் என்னிடம் சொன்னது ஒரு பாயின்ட் என்பது மட்டும். இவருக்கு ஒவ்வொரு பந்தும் தெரிந்திருக்கிறது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கடை போன்ல இருந்து இவன் ஆபீசுக்குக் கூப்பிட்டேன். கம்ப்யூட்டர்ல இருந்தத அப்படியே வாசிச்சுக் காட்டினான். யார்கிட்டயும் சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கினேன்."

நான் அண்ணன் பக்கம் திரும்பினேன். அவன் பேப்பரை இன்னும் இறக்கவில்லை, இருட்டில் என்ன வாசித்தானோ. பேப்பருக்குப் பின்னாலிருந்து, "நீயும் சத்தியம் வாங்கின, அவரும் வாங்கினாரு, அம்மையும் வாங்கினா. நான் என்ன செய்ய?" என்றான்.

"அம்மாவுமா?"

"முடிவு தெரியாமயா நான் பிளக்கைப் பிடுங்கினேன்?" என்றாள் அம்மா. "வியாழக்கிழமையே பிள்ளையாருக்கு நன்றித் தேங்காயும் உடைச்சாச்சு."

அப்படியென்றால் அன்று சாயந்திரம் முழுக்க நாலு பேரும் ஒருவருக்கொருவர் நடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். அண்ணன் முதலில் சிரித்தான், அம்மா சிரித்தாள், பிறகு நானும் சிரித்துவிட்டேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "காலையில உங்க சித்தப்பன்கிட்டப் போயி, பந்தயத்துல தோத்துட்டேன், இனி அவ போயித்தான் ஆகணும்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுச் சொல்லணும். அப்ப எனக்குச் சிரிப்பு வரப்பிடாது, அதான்" என்றார்.

சிரித்து ஓய்ந்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது.

"அப்பா, நீங்க எப்ப போன் பண்ணினிய?"

"செவ்வாய்க்கிழமை மத்தியானம்."

"பந்தயம் வச்சது செவ்வாய்க்கிழமை ராத்திரிலா?"

அப்பா தட்டில் கடைசியாக இருந்த பஜ்ஜியை எடுத்து என் கையில் வைத்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருந்தாலும் கேட்டுவிட்டேன். "அப்ப மஞ்சள் தோத்திருந்தா?"

"தோத்திருந்தா, தோத்தாப் போகலாம்னு பந்தயம் வச்சிருப்பேன் மக்களே."